மஞ்சள் பாலைக் கொட்டுவதா?

நகரியில் ரயிலேறி மூன்று பேர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண், அவள் மாமியார், மடியில் பையோடு புருஷன். திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம்.

“மொதல்ல வர்ற மஞ்சப் பாலு கெட்ட பாலுடி. பீச்சிக் கீழ கொட்டிடணும்,” என்றாள் மாமியார், பெட்டிக்கே கேட்கும்படி.

“நர்சம்மா அதத்தான் மொதல்ல குடுக்கச் சொல்லிச்சு அத்தே. கொயந்தைக்கு அதான் தெம்பாம்.”

“அவளுக்கு இன்னா தெரியும்? இவன் பொறந்தப்போ நான் கொட்டினேன். வளரலியா?”

மருமகள் புருஷனை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். “வளந்தாரு அத்தே. மூளையத்தான் அன்னிக்கே கொட்டிட்டீங்க போல கீது.”

“டேய், கேட்டுக்கினு சும்மா கீறியே!” என்று மாமியார் மகனை உலுக்கினாள்.

அவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “எம்மா, என்னுது போனா போவட்டும். இதுக்காச்சும் கொட்டாத வுடு.”