கேபிளின் எடை

இன்று பிப்ரவரி மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை. எனக்கு எண்பத்தோரு வயது, ஐந்து மாதம், ஒன்பது நாள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதானவள், நினைவு தப்பி ஏதோ உளறிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. தேதி தெரிகிறது, வயது தெரிகிறது, மூன்றாவது வரிசையில் யார் தூங்குகிறார் என்பதும் தெரிகிறது.

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சங்கிலி இழுத்துக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும், பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கர் தோழர்களே, இந்த இரங்கல் கூட்டத்தின் முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்களில் ஒருவர் அவரை மலை என்றார். இன்னொருவர் தூண் என்றார். செயலாளர் ஒரு படி மேலே போய் வானம் என்றார். அவர் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பாதுகாப்பு பெல்ட்டுக்கு அளவு எடுத்துக் கொடுத்தவள் நான். உயரத்தில் வேலை செய்தவர் விழுந்துதான் சாவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவர் நுரையீரல் நோயால், மருத்துவமனைக் கட்டிலில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இறந்தார். வயது அறுபத்தெட்டு. இதில் வானம் எங்கே வந்தது?

உயிரோடு இருந்தபோது நீங்கள் அவரை வானம் என்றா அழைத்தீர்கள்? அரைநாள் என்று அழைத்தீர்கள். அந்தப் பெயரிலேயே நானும் பேசுகிறேன். அவர் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகியிருந்தார்.

இளையவர்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் எல்லோரும் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் எடைக் கணக்குப் பிரிவில் இருந்தேன். பொறியியல் படித்தவள். கட்டுமான இடத்தில் இரும்பு உத்தரத்தைத் தூக்க வேண்டும். நிகழ்ச்சி அரங்கில் விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். எந்தக் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று நான் தாளில் எழுதுவேன். அந்தத் தாளை நம்பி இவர்கள் ஏறுவார்கள். என் முகத்துக்கு நேரே என்னைக் 'கணக்கு மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கால்குலேட்டர் கிழவி'. அப்போது எனக்கு நாற்பது வயதுதான்.

அரைநாள் பகுதிநேர ரிக்கர். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை எங்களிடம். மதியத்துக்கு மேல் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், கடுகளவு திருகை ஃபிரேமில் மாட்டும் வேலை. காலையில் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய இரும்பு வளையம்; மாலையில் மூச்சு பட்டால் பறந்துவிடும் திருகு. இரண்டையும் ஒரே கை செய்தது!

அந்தக் கையைவிட அவருடைய தோள் பெரிது. கேபிள் சுருளைத் தோளில் ஏற்றி நான்கு அடி நடந்தால் எடை சொல்லிவிடுவார். ஒருநாள் சோதித்துப் பார்த்தேன்.

"அறுபத்திரண்டு இருக்கும், மேடம்."

தராசில் வைத்தோம். அறுபத்துமூன்று.

"அந்த ஒரு கிலோ என்னங்க ஆச்சு?" என்றேன்.

"அது தராசோட கொழுப்பு, மேடம்."

தராசைப் பழுது பார்க்க அனுப்பினோம். உண்மையிலேயே ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியிருக்கிறது.

அவர் மாட்டிய வளையத்தை அவரே சரிபார்க்க மாட்டார். "நான் மாட்டினதுல தப்பு இருந்தா என் கண்ணுக்கு அது தப்பாவே தெரியாது. நீ வந்து பாரு" என்று அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒரு கட்டுமான இடத்தில் உத்தரம் பாதி உயரத்தில் தொங்கும்போது முஷ்டியை உயர்த்திக் கிரேனை நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் குதித்தார்: "யோவ், எதுக்குய்யா நிறுத்தின? நேரம் உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" கீழே பெயிண்டர் ஒருவர் தம் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருந்தார். தூக்கை எடுத்துக்கொண்டு, மூடி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, நிதானமாகப் போனார். அதுவரை அந்த முஷ்டி இறங்கவில்லை. அந்தப் பெயிண்டருக்குத் தம் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இன்று ஒரு நாற்காலி கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் ஏன் அரை நாள் மட்டும் வேலை செய்தார்? சோம்பல் என்றீர்கள். இரண்டு சம்பள ஆசை என்றீர்கள். அவர் என்னிடம் சொன்னதை நான் இப்போது சொல்கிறேன். அவர் இல்லாததால் சொல்கிறேன்.

ஒரு நாள் மதியம் அரங்கின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. காய்ச்சலா என்று கேட்டேன்.

"பயம், மேடம். ஏறின முதல் நாள்லேருந்தே உண்டு. நாலஞ்சு மணி நேரம் அடக்கி வச்சுக்குவேன். அதுக்கு மேல கால் என் பேச்சைக் கேக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா ஒருத்தனும் என்கூட ஏற மாட்டான்."

நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் எனக்குத் திறமை உண்டு. அந்தத் திறமையைப் பற்றித்தான் இனி பேசப் போகிறேன்.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு ஐந்து நிமிடம் என்று சொன்னார்கள், உண்மைதான். ஆனால் தலைவரே, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கண்காட்சி அரங்கில் மேஸ்திரியாக நின்றவர் நீங்கள். இன்று பேசிய அத்தனை பேரும் 'அந்தத் துயரச் சம்பவம்' என்று ஓரமாக நடந்து போனீர்கள். நான் அதற்குள்ளேதான் நடக்கப் போகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

நடந்ததாக எல்லோரும் அறிந்தது இது. இயந்திரக் கண்காட்சிக்காக, விளக்குகள் மாட்டும் நீண்ட இரும்புச் சட்டம் ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். ஆளுயரத்தில் விளக்குகளையும் கேபிளையும் கட்டி, பிறகு முழு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பன்னிரண்டு மணி சுமாருக்கு அரைநாள் வேலையைப் பாதியில் விட்டுக் கிளம்பினார். அவர் நேரம் முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அவருக்குப் பதிலாக ஏறியவர் குருவி. நாற்பது வயது, ஒல்லி, வாய் ஓயாத ஆள். அரைநாள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்தபோது குருவி கத்தினார்:

"என்னண்ணே, இன்னிக்குக் கால் நாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

சட்டம் மேலே போனது. குருவி அதன்மீது ஊர்ந்து விளக்கு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு இடது முனையைத் தாங்கிய கூரை வளையம் நீண்டு, திறந்தது. பெல்ட் மாட்டியிருந்தாரா? மாட்டியிருந்தார். எதில் மாட்டியிருந்தார்? அதே சட்டத்தில்.

வளையம் பழையது என்று விசாரணை முடிந்தது. ஆனால் நம் விசாரணை முடிந்ததா? ஆபத்தை மோப்பம் பிடித்து நழுவிவிட்டான், குருவியைப் பலி கொடுத்துவிட்டான் என்றீர்கள். ஏன் முன்னதாகப் போனாய் என்று விசாரணையில் கேட்டார்கள். "கண்ணாடிக் கடைல அவசர வேலை" என்றார். கடைக்காரர் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அதன்பின் அவரோடு சேர்ந்து ஏற ஒருவரும் முன்வரவில்லை. கூடவே ஏற ஆள் இல்லாதவர் எப்படி ஏறுவார்? இருபத்து நான்கு ஆண்டுகள் லாரியிலிருந்து சங்கிலி இறக்கினார். வளையங்களை அளவு பார்த்துப் பிரித்து அடுக்கினார். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டினார். இந்தச் சங்கத்தின் ஆண்டு விருந்தில் அவர் உட்கார்ந்த மேசைக்குக் கடைசியாகத்தான் ஆள் நிரம்பும். இன்று அவர் படத்துக்கு முன்னால் நிற்க இடமில்லை.

குருவியின் மனைவி இங்கே வரவில்லை. அழைப்பு போனது, வரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை, அரைநாளின் மகள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சம்பவம் நடந்தபோது பதினோரு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் 'ஓடினவன் மகள்' என்று பெயர் வாங்கியவர். இன்று முப்பத்தேழு. அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேடம், அவர்கிட்ட கேக்க எனக்குக் கடைசி வரைக்கும் வாய் வரல. எங்கப்பா பயந்துதான் போனாரா?"

நான் என்ன சொன்னேன்? "புதன்கிழமை கூட்டத்துக்கு வாம்மா" என்றேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். அதே அறையில், அதே நிமிடத்தில் பதில் சொல்லியிருக்க முடியும். இருபத்தாறு ஆண்டுகள் தள்ளிப்போட்டவள் இன்னும் ஆறு நாள் தள்ளிப்போட்டேன்.

மகளே, இப்போது கேளுங்கள். மற்றவர்களும் கேட்கலாம்.

அன்று பன்னிரண்டு மணிக்கு உங்கள் அப்பா என் மேசைக்கு வந்தார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"மேடம், இடது முனையில கேபிள் மொத்தமும் விழுது. நான்தான் தூக்கி வச்சேன். நூத்தி எண்பதுக்குக் குறையாது. கணக்குல கேபிள் எடை போட்டீங்களா?"

"போட்டாச்சு" என்றேன். தாளைப் பார்க்கவில்லை.

"ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்கு என்னமோ சரியாப் படல."

ஏன் பார்க்கவில்லை? பசியா? வேலை நெருக்கடியா? இரண்டும் இல்லை. அவருடைய பயம் எனக்குத் தெரியும் என்பதால் பார்க்கவில்லை! அவர் கால் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் சொல்லும் எதுவும் அந்த நடுக்கத்திலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினேன். நம்பிச் சொன்ன ரகசியத்தை அவருக்கு எதிராகவே திருப்பினேன். குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்வதுபோலச் சொன்னேன்: "பயமா இருந்தா வெக்கப்படாதீங்க. இன்னிக்கு இறங்கிப் போயிடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தம் தோளை விட்டுவிட்டு என் தாளை நம்பினார். போனார். குருவியிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? படித்தவள் சொன்னதால் தமக்கு வந்தது வெறும் பயம்தான் என்று அவரே நம்பிவிட்டார்.

மறுநாள் காலை தாளை எடுத்துப் பார்த்தேன். விளக்கு இருந்தது. ஒலிபெருக்கி இருந்தது. சங்கிலி இருந்தது. கேபிள் இல்லை. இடது முனைக்கு நான் எழுதியது நானூற்று எழுபது கிலோ. வளையம் தாங்கக்கூடியது ஐந்நூறு. உங்கள் அப்பா சொன்ன நூற்று எண்பதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

எட்டாவது நாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் கண்ணாடியின் காம்பு தளர்ந்திருந்தது; அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருகை மாட்டி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. பிறகு கேட்டார்:

"அப்போ அது பயம் இல்லையா, மேடம்?"

"இல்லை" என்றேன்.

"விசாரணைல எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்துட்டேன்."

"மாத்தி எழுதலாமா?"

"எழுதலாம். என் வேலை போகும்."

கண்ணாடியைத் துடைத்து நீட்டினார். "உங்க இஷ்டம், மேடம்" என்றார். அவர் என்னைக் காப்பாற்றினார் என்று தயவுசெய்து யாரும் கைதட்டிவிடாதீர்கள். அவர் என்னைக் காப்பாற்றவில்லை. என் பொறுப்பை என் கையிலேயே வைத்தார். அதை நான் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். ஓய்வு பெற்றேன். பாராட்டு விழாவில் ஒரு கேடயம் வாங்கினேன். போன ஆண்டு வரை என் கண்ணாடிக்கு அவர்தான் திருகு மாட்டினார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நான்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது முறை. அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். எந்தப் பணியை? எண்பத்தோரு வயதில் நான் சங்கிலி இழுக்க முடியாது. அவர் கேட்ட கேள்வியைத் தொடரலாம். தலைவரே, என் கைப்பையில் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது. இறங்கியதும் உங்களிடம் தருவேன். ஒரு பிரதி இன்று காலை குருவியின் மனைவிக்குப் போய்விட்டது. எடைத் தாளில் கேபிளுக்குத் தனி வரி வேண்டும். தூக்கியவர் வாயால் அந்த எடையைச் சொல்லாமல் கணக்கு எழுதுபவர் கையெழுத்துப் போடக் கூடாது. இதைச் சங்கம் கேட்டு வாங்கும் வரை, நடக்க முடிகிற வரை, நான் நடந்து வருவேன்.

கடைசியாக ஒன்று. விசாரணைப் படிவத்தில் ஏழாவது கேள்வி இது: 'தூக்குவதற்கு முன் தொழிலாளர் எவரேனும் ஆட்சேபம் தெரிவித்தாரா?' அதற்கு நேரே, என் கையெழுத்தில், ஒரே ஒரு சொல் இருக்கிறது: இல்லை.

எழுதியிருக்க வேண்டியது: ஆம். பன்னிரண்டு மணிக்கு, என்னிடம், இரண்டு முறை.