மாசானம் கழட்டச் சொன்ன சட்டை

ஊசிப்பாறை மலைப்பாதையில கரி எஞ்சின் ஓடுன காலம். இங்க உக்காந்திருக்கிற யாரும் அப்பப் பொறக்கல. அங்க மாசானம்னு ஒரு டிரைவர் இருந்தாராம். நம்ம வகையறாதான். அவருக்கு ஒரே தங்கச்சி, இசக்கியம்மா. தன் எஞ்சின்ல கரி அள்ளிப் போடுற கொம்பையாவுக்கே அவளைக் கட்டிக்குடுத்தாராம்.

நைலான் சட்டை வந்த புதுசு அது. கசங்காது, இஸ்திரி வேண்டாம், மினுமினுன்னு இருக்கும். மச்சான் முறைக்கு மாசானமே மதுரைக்குப் போயி ஒண்ணு எடுத்துட்டு வந்து மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டாராம். கொம்பையாவுக்குத் தலைகால் புரியல. கல்யாணம் முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னைக்கும் அதையே மாட்டிட்டு வந்துட்டாரு. கெட்டியான பருத்திக் காடாச் சட்டை வீட்டுல கெடக்கு. புது மாப்பிள்ளை, நாலு பேரு பாக்கணும்ல.

மாசானம் பாத்தாராம்.

"மாப்ள, அதைக் கழட்டுங்க."

"என்ன மச்சான், நீங்க எடுத்த சட்டைதான இது?"

"கல்யாணத்துக்கு எடுத்தேன். அடுப்பு முன்னால நிக்கவா எடுத்தேன்? தீ பட்டா இது உருகும். உருகித் தோலோட ஒட்டிக்கும். கழட்டுங்க."

எஞ்சின் ஷெட்டுக்காரன் சும்மா இருப்பானா? "மச்சான் போட்ட சீரை மச்சானே உருவுறாரு"ன்னு ஒரே சிரிப்பு. கொம்பையாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. கழட்ட மாட்டேன்னு வீம்பு பிடிச்சாராம். "அப்ப வண்டி நகராது"ன்னு மாசானம் கீழ இறங்கி நின்னுட்டாரு. சிக்னல் விழுந்தாச்சு, ஸ்டேஷன் மாஸ்டர் கத்துறாரு, ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீளுது. மனுசன் அசையலையே.

கடைசியில கழட்டுனாரு. மாத்துச் சட்டை இல்ல. மாசானம் தன்னோட காடாக் கோட்டைக் கழட்டி மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டு, தான் பனியனோட நின்னாராம். அடுப்பு வாசலுக்கு நேரா நிக்கிறவன் கரி போடுறவன்தான, அவனுக்குத்தான் முதல்ல வேணும்.

வண்டி மலைக் குகைக்குள்ள நுழையுது. கொம்பையா கரி போட அடுப்பைத் திறக்குறாரு. அந்த நேரம் பாத்து எதிர்க்காத்து புகைபோக்கிக்குள்ள அடிச்சுதாம். மேல போகவேண்டிய தீ வாசல் வழியா வெளிய பாஞ்சிருச்சு. கோட்டு நெஞ்சுல கருகுச்சு. கொம்பையாவுக்கு மீசையும் புருவமும் போச்சு, அவ்வளவுதான். மாசானம் எட்டிக் கதவை அடைச்சாராம். வெறும் கை, வெறும் தோளு. அந்தப் பக்கம் பூரா வெந்துபோச்சு.

ஆஸ்பத்திரியில இசக்கியம்மாவுக்கு அண்ணனைப் பாத்து அழுறதா, புருசன் பொழச்சதுக்குச் சாமி கும்புடுறதான்னே தெரியலையாம். கொம்பையா தலையைத் தூக்காம நின்னாரு. "நான் வீம்புக்கு நின்னேன், நீங்க வெந்து கெடக்கீங்களே மச்சான்."

மாசானம் சொன்னாராம், "சீரு குடுத்தவன் நான். தப்பாக் குடுத்துட்டேன், மாத்திக் குடுத்தேன். அழாதீங்க மாப்ள."

அந்தக் கை அப்புறம் மடங்கவே இல்ல. எஞ்சினும் ஏறல.

அதுல இருந்துதான் நம்ம வகையறாவுல பொண்ணோட அண்ணன் பட்டு எடுத்தாலும், கூட ஒரு காடாச் சட்டையையும் தட்டுல வைக்கிறது. மாப்பிள்ளை அதைத்தான் முதல்ல போடணும். காலையில நம்ம மாப்பிள்ளைப் பையன் "என்ன துணி இது, குத்துது"ன்னு மூஞ்சியச் சுளிச்சான்ல? குத்தட்டும். போட்டுக்கச் சொல்லுங்க.