இன்னும் ஒருத்தர் வரணும்

— என்ன தம்பி, என் காலையே பாக்கறீங்க?

— இல்லம்மா... உள்ள பூரா கல்லு பாவின தெரு. வழுக்கும். செருப்பு தாங்குமான்னு பாத்தேன்.

— செருப்பு தாங்கும். நான் தாங்கணுமே, அதைச் சொல்லுங்க. கிளம்ப இன்னும் நேரம் ஆகுமா?

— கிளம்பிடலாம்மா.

— இப்பவேவா? கொஞ்சம் நின்னு பாக்க வேண்டாமா? வேற யாராவது...

— யாரும் வரல. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. சுத்திப் பாக்கற கூட்டமெல்லாம் போன மாசமே முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்.

— அதுக்கில்ல. இங்க நேரத்துக்குக் கிளம்பவே மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆளெல்லாம் வந்தப்புறமும், "இன்னும் ஒருத்தர் வரணும்"னு சொல்லி வாசல்லயே நிக்க வைப்பாங்களாமே? பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்துட்டுப் போய் ஒரு மூச்சு திட்டித் தீத்தா.

— திட்டாதவங்க யாரும்மா... அது ஒரு பழைய வழக்கம். இன்னைக்கு வேண்டாம். வாங்க. அன்பர்களே! எல்லாரும் நான் தூக்கிப் பிடிச்சிருக்கற இந்தக் குடையைப் பாத்துக்கிட்டே வாங்க!

— அன்பர்களேவா? தம்பி, நான் ஒருத்திதான் இருக்கேன்.

— பழகிப்போச்சும்மா. அப்படி ஆரம்பிச்சாத்தான் பேச்சு வரும்.

— சரி, குடையையாவது இறக்குங்க. நான் எங்க தொலைஞ்சு போயிடப் போறேன்?

— இறக்கினாலும் பேச்சு வராது.

— நல்ல ஆளு. சரி, தூக்கியே பிடிங்க. ஆனா ஒண்ணு. ஒருத்திதானேன்னு சுருக்கிடாதீங்க. கூட்டத்துக்கு என்ன சொல்வீங்களோ, எழுத்து விடாம அதையே சொல்லணும்.

— ஒண்ணு விட மாட்டேன்.

— ஜோக்கு உட்பட.

— ஜோக்கு உட்பட. அன்பர்களே, இதுதான் வடக்கு வாசல். உள்ள இருக்கறது அறுநூறு வருஷத்துப் பழைய ஊரு. பொழுது சாஞ்சா இந்தக் கதவைச் சாத்திடுவாங்க. சாத்தினப்புறம் அந்த ராஜாவே வந்து தட்டினாலும்...

— விடிய விடிய வெளியிலதான் படுக்கணும்.

— ...முன்னாடியே வந்திருக்கீங்களாம்மா?

— நானா? இந்த வாசல்படியை மிதிச்சதே இல்ல.

— அப்ப எப்படி...

— எங்கயோ காதுல விழுந்தது. அது கிடக்கட்டும். இதுதானா அந்தக் கதவு? இவ்ளோதானா?

— ஏம்மா?

— நான் பெருசா நெனச்சிருந்தேன். யானை நுழையற மாதிரி. சொல்லும்போது அப்படித்தான் இருக்கும்...

— யாரு சொல்லும்போது?

— ...நடங்க தம்பி. மழை வந்துடப் போகுது.

— வெளியூரா நீங்க?

— இதே ஊரு. கீழ, புது ஊர்ல இருக்கேன். ஏன், உள்ளூர்க்காரங்க வரக்கூடாதா?

— வரலாம். வர மாட்டாங்க. நானே உங்களைத்தான் முதல்ல பாக்கறேன்.

— கையெட்டற தூரத்துல இருக்கறதைப் போய் யாரு பாக்கறா. எங்கயும் ஓடிடாதுன்னு ஒரு நெனப்பு. தம்பி, இன்னொண்ணு கேக்கணும். இந்த மதில் மேல ஏறுவீங்கல்ல?

— கடைசியில.

— அங்க நின்னுக்கிட்டு எல்லாரும் கையாட்டறாங்களே, எதுக்கு? மத்தியானம் நான் துணி உலர்த்தற நேரத்துக்குப் பாப்பேன். வரிசையா நின்னு, குழந்தைங்களை வேற தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு... சுத்தக் கிறுக்குக் கூட்டம்னு திரையை இழுத்து விட்டுடுவேன்.

— அது... கடைசியில வரும்மா. வரிசையை மாத்திச் சொல்லக்கூடாது.

— மாத்தினா ராஜா கோச்சுப்பாரா?

— குடைக்காரர் கோச்சுப்பாரு.

— ...யாரு அது?

— எனக்கு முன்னாடி இதைச் செஞ்சவரு. இந்தக் குடையே அவரோடதுதான். குனிஞ்சு வாங்க, வளைவு இடிக்கும். அன்பர்களே, இதுக்குப் பேரு ஒல்லிச் சந்து. எதிரும் புதிருமா ரெண்டு பேரு வந்தா, ஒருத்தர் பின்னாடி போயே ஆகணும். யாரு போறதுன்னு அந்தக் காலத்துல சட்டமே இருந்துச்சு. சுமை தூக்கறவனுக்கு முதல் வழி...

— ரெண்டாவது கர்ப்பிணிக்கு. மூணாவது கடன்காரனுக்கு, ஏன்னா அவன் ஓடிக்கிட்டிருப்பான். சொல்லுங்க, சொல்லுங்க. அதுக்கு மேல என்ன?

— இதுவரைக்கும்தான் தெரியுமா உங்களுக்கு?

— இதுவரைக்கும்தான் கேட்டிருக்கேன்.

— அப்ப இதைக் கேளுங்க. "என் வீட்டுக்காரியை ஒரு தடவை இந்தச் சந்துக்குக் கூட்டிட்டு வரணும். நான் அந்தப் பக்கத்துலேர்ந்து வருவேன், அவ இந்தப் பக்கத்துலேர்ந்து. அவ பின்னாடி போற ஜாதி இல்ல. நானும் போக மாட்டேன். நாளைக்கு நீங்க வந்தாலும் நாங்க இங்கயேதான் நிப்போம். பரவால்ல, முகத்தைப் பாத்துக்கிட்டுத்தானே நிப்போம்."

— அப்புறம்?

— இங்க எல்லாரும் சிரிப்பாங்கம்மா.

— சிரிப்பாங்க, சிரிப்பாங்க. பொண்டாட்டியைப் பத்திச் சொன்னா எந்த ஊர்க்காரனும் சிரிப்பான். பாவம் அந்தம்மா... உங்க வீட்டம்மாவைச் சொல்றீங்களா?

— எனக்குக் கல்யாணமே ஆகலம்மா.

— அப்ப "என் வீட்டுக்காரி"ன்னா?

— இரவல்.

— நல்லாருக்கே! குடையை இரவல் வாங்கினீங்க, சரி. பொண்டாட்டியையுமா?

— அவரு சொன்னதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். ரெண்டு வருஷம் அவரு பின்னாடியே நடந்து கத்துக்கிட்டது. எங்க இருமுவாரோ அங்க எனக்கும் இருமல் வரும். அவரு இருந்தப்ப "எங்க குருவோட வீட்டம்மா"ன்னு சொல்லுவேன். அவரு போனப்புறம்... "என் வீட்டுக்காரி"ன்னு வாயில வந்துடுச்சு. மாத்தல.

— ஏன் மாத்தல?

— சும்மா... சொல்றதுக்கு நல்லாருக்கு. நாள் பூரா நூறு பேரோட பேசறேன். அறைக்குப் போய்க் கதவைத் திறந்தா, மறுநாள் காலையில வரைக்கும் வாய்க்கு வேலையே இல்ல. இந்தச் சந்துல மட்டும் எனக்கும் வீட்ல யாரோ இருக்கற மாதிரி.

— ...ம். அப்படித்தான் இருக்கும். எங்க வீட்லயும் இப்ப குழாய் சொட்டற சத்தம்தான். முன்னாடியெல்லாம் குளிக்கப் போனா அன்பர்களே, முகம் மழிச்சா அன்பர்களே. கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டீங்களான்னு கத்துவேன்...

— யாரைம்மா?

— வீட்ல ஒருத்தர் இருந்தாரு. விடுங்க. அடுத்தது செருப்புத் தெருதானே?

— ...செருப்புத் தெருதான். அன்பர்களே, இடது பக்கம் பூரா செருப்புத் தைக்கறவங்க வீடு. வாசலுக்கு மேல பாருங்க, கல்லுல பூட்ஸ் செதுக்கியிருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஊரு, படத்தைப் பாத்துத்தான் கடைக்கு வருவாங்க. "நல்ல வேளை, என் வீட்டுக்காரி அந்தக் காலத்துல பொறக்கல. பொறந்திருந்தா இந்தத் தெருவே தூக்கு மாட்டிக்கிட்டிருக்கும். எவ்ளோ ஒசத்தியான செருப்பு வாங்கிக் குடுத்தாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து, சுண்டு விரல் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டாத்தான் கால்ல மாட்டுவா..." ம்... மழை தூறுது. குடைக்குள்ள வாங்கம்மா.

— இதையுமா சொல்லுவாரு? ஊரார்கிட்டயா?

— தினமும்.

— அந்தம்மாவைக் கேட்டாரா? சுண்டு விரல் எலும்பு எடுப்பா இருந்தா அவ என்ன செய்வா, விரலை வெட்டியா போடுவா? முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்க... இதுக்குத்தான் நான் பயந்தேன். துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தர் சொன்னாரு, "சும்மா சொல்லக்கூடாது, வீட்டம்மாவை வச்சே எங்க வயித்தைப் புண்ணாக்கிடுவாரு"ன்னு. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. பொழுதன்னைக்கும் அவளை வச்சுச் சிரிச்சிருக்காரா?

— முழுசாக் கேட்டுட்டுக் கோச்சுக்கோங்கம்மா. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு.

— என்ன வரி?

— "ஆனா, அந்த ஓட்டை போட்ட செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாத்தான் எனக்கு வீடு." இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

— ...இந்த வரியைக் குளிக்கற அறையில சொன்னதே இல்லையே.

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல. மதிலுக்குப் போகலாம்.

— கிணறு ஒண்ணு இருக்கு, தானியக் கிடங்கு...

— கிணறு தெரியும், கிடங்கும் தெரியும். எலி வந்த கதையை நானே சொல்லுவேன். எனக்குத் தெரியாததைக் காட்டுங்க.

— சரி, பாத்து ஏறுங்க. கோபுரக் காவலரே, வணக்கம்! கதவு திறந்திருக்கா?

— அட, சின்னக் குடை! என்ன அதிசயம், இவ்ளோ சீக்கிரம் வந்துட்டே? வாசல்ல நிக்கலையா இன்னைக்கு?

— நிக்கல.

— அதான் மழை கொட்டுது! பெரிய குடை காலத்துலேர்ந்து நீங்க ஒரு நாள் நேரத்துக்கு வந்து நான் பாத்ததில்லையே. பாத்து ஏறுங்கம்மா, படி ஈரம்.

— தம்பி, கொஞ்சம் மெதுவா... ஆமா, அவரு யாருக்காகத்தான் நிப்பாராம்?

— கேட்டிருக்கேன். தலையெல்லாம் எண்ணியாச்சே, சரியா இருக்கே, இன்னும் யாருன்னு. பஸ் வர்ற பக்கத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு. "வருவாங்கய்யா, வரட்டும்"பாரு. கம்பெனியில கூப்பிட்டுக் கண்டிச்சாங்க. கேக்கல. நானும் அப்படியே நின்னு பழகிட்டேன். இதோ, வந்துட்டோம். இந்தக் கல்லுமேல நில்லுங்க.

— யப்பா! ஊரே தெரியுதே.

— அன்பர்களே, கோட்டை பாத்தீங்க, கோபுரம் பாத்தீங்க. எல்லாம் கல்லு. "இந்த ஊர்ல உண்மையிலேயே பாக்க வேண்டியது ஒண்ணுதான். அதை உங்களுக்குக் காட்டத்தான் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன். அதோ, பச்சைத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பக்கத்துல மூணாவது மாடி..."

— ...வெள்ளைத் திரை.

— "வெள்ளைத் திரை போட்ட ஜன்னல். அங்க ஒருத்தி இப்ப துணி உலர்த்திக்கிட்டிருப்பா. என்னோட முப்பது வருஷம் இருந்துட்டு, இன்னும் என் சட்டையை உலர்த்தறா பாருங்க, அதுதான் இந்த ஊரோட பெரிய அதிசயம். உள்ள போய்ப் பாக்க டிக்கெட் கிடையாது. இங்கேர்ந்தே எல்லாரும் ஒரு தடவை கையாட்டுங்க." இப்பவும் ஆட்டச் சொல்றேம்மா. அவரு போனப்புறமும்... ஒரு நாள்கூட விடல.

— எனக்கா... எனக்கா ஆட்டினாங்க? திரையை இழுத்து விட்டேனே தம்பி. முகத்துல அடிச்ச மாதிரி இழுத்து விட்டேனே. அவரும் இந்தக் கல்லுமேல நின்னுதானே பாத்துக்கிட்டிருந்திருப்பாரு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி மனுஷன்!

— திரையை இழுத்தா அவரு சிரிப்பாரும்மா. "பாத்துட்டா, பாத்துட்டா! கோவம் வந்துடுச்சு!"ன்னு கை தட்டுவாரு. நீங்களும் ஒரு தடவை ஆட்டுங்கம்மா.

— யாருக்குப்பா ஆட்டறது? அந்த ஜன்னல்ல இப்ப யாரும் இல்ல. அவ இங்க நிக்கறா.

— தெரியும்மா.

— ...தெரியுமா? எப்பலேர்ந்து?

— உங்க செருப்பைப் பாத்ததுலேர்ந்து.

— அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்ளோ நேரம்...

— ஒண்ணு விடாம, எழுத்து விடாமச் சொல்லச் சொன்னீங்களே.

— தினமும் கிளம்பும்போது கேப்பாருப்பா. "இன்னைக்கு வர்றியா? மத்தியானம் ஒரு மணி நேரம்தான், வந்து பாரேன்." நான் அடுப்பைப் பாத்துக்கிட்டே "பாக்கலாம்"பேன். பாக்கலாம்னா வர மாட்டேன்னுதானே? இது யாருக்குத்தான் தெரியாது? அந்த மனுஷனுக்குத் தெரியாதா?

— தெரியலம்மா... அதான் தினமும் வாசல்லயே நின்னாரு. இன்னைக்கு நான் யாருக்காக நிக்கறது? வந்துட்டீங்களே.