வில்லன் திருந்துகிற கட்டம்

பின்னேரங்களில் நான் கார்ட்டூன் பார்ப்பேன், சேர். நாற்பத்தாறு வயது ஆளுக்கு இது வெட்கக்கேடுதான், சிரித்துக்கொள்ளுங்கள். கல்முனையில் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், என் வீட்டில் கதைக்கிற ஒரே ஆள் அந்தத் தொலைக்காட்சிதான்.

கூட இருந்து பார்க்க ஸுஹைறா வருவாள். என் தங்கை றுக்ஸானாவின் மகள், ஆறு வயது. உம்மாவுக்குத் தெரியாமல் பின்வேலியால் நுழைந்து வருவாள். றுக்ஸானா என்னோடு கதைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளைப் பற்றி இல்லாததைச் சொல்லி அவளுடைய முதல் கலியாணத்தைக் குலைத்தவன் நான். மக்காவுக்கு உம்றா போக முன்னர், பிழை பொறுக்கச் சொல்லித் தெருவில் எல்லா வீட்டிலும் பொருத்தம் கேட்டாள். நானும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். கடந்து போனாள். நான்தான் கூப்பிட்டேன்.

"காக்கா, மறுமையிலயும் ஒங்களுக்கு நான் பொருந்த மாட்டன்" என்றாள், கூடப்பிறந்த அண்ணனிடம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் பார்த்த கதையில் ஒரு மந்திரவாதி, ஊரை எரித்தவன். எனக்கு அவனைப் பிடிக்கும்.

"இவன் எப்ப புள்ள நல்லவனாகுவான்?" என்று கேட்டேன்.

"சாகப்போற ஆரையாச்சும் காப்பாத்தணும் மாமா. ஒருக்காக் காப்பாத்தினாப் போதும். பொறகு எல்லாரும் அவனோட சேந்து சாப்பிடுவாங்க."

அடுத்த கிழமை அப்படியே நடந்தது. ஆற்றில் விழுந்த இளவரசியை அவன் தூக்கினான், ராஜா அவனைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, றுக்ஸானா வீட்டுக் கிணற்றை மூடியிருந்த பலகையை எடுத்தேன். உள்ளே பூனைக்குட்டி கிடக்கிறது, எட்டிப் பார் என்று பிள்ளையிடம் சொன்னேன். முதுகில் கை வைத்ததும் நான்தான். மெல்லத்தான் வைத்தேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், கயிறும் கட்டி வைத்திருந்தேன்.

ஏன் உடனே குதிக்கவில்லை என்று கேட்பீர்கள். றுக்ஸானா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காமல் காப்பாற்றி என்ன பயன்? கூப்பிட்டேன். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஸுஹைறாவும் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கொஞ்சம் பொறு புள்ள, உம்மா வரட்டும்" என்றேன்.

றுக்ஸானா வெளியே வந்தபோது கிணற்றில் சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகுதான் குதித்தேன். அவள் கண்ணுக்கு முன்னால் குதித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனாஸா அடக்கத்துக்கு என்னை விடவில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும். கதைகளிலும் முதல் தடவையே எல்லாரும் நம்பிவிடுவதில்லை. றுக்ஸானாவுக்கு இன்னொரு பிள்ளை கிடைக்க இருக்கிறதாம். அந்தப் பிள்ளை நடை பழக முன்னர் நான் மறியலிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், சேர். இந்தத் தடவை றுக்ஸானாவை முதலிலேயே கூப்பிட்டுக் கிணற்றடியில் நிறுத்திவிடுவேன்.