குட்டைத் துப்பாக்கியும் அளவு நாடாவும்

செயலாளர்: …என்னது? சத்தமா சொல்லு மாப்ள, காதுல கொய்யுனு கேக்குது.

மெக்கானிக்: தொப்பி எங்கேன்னு கேட்டேன் மச்சான்!

செயலாளர்: சுட்டதும் பறந்துடுச்சு. புருவம் இருக்கா பாரு.

மெக்கானிக்: இடது பக்கம் இருக்கு.

செயலாளர்: ஒத்திகைக்கு ஒரே ஒரு குண்டுடா! ஒரு அடுப்பே வெளிய வந்துச்சு!

மெக்கானிக்: பின்ன? குண்டு அதே பழைய ராணுவக் குண்டு. அதோட வெடிமருந்து எரிஞ்சு முடிக்க நீளக் குழல் வேணும். நீங்க புதுசா வாங்கின குட்டைத் துப்பாக்கியில பாதி மருந்து வெளிய வந்துதான் எரியுது. சத்தம் கூட, நெருப்பு கூட, வேகம் மட்டும் கம்மி.

செயலாளர்: தூக்க லேசா இருக்குல்ல!

மெக்கானிக்: லேசா இருக்கறதாலதான் அந்த உதை உதைக்குது. போட்டி முந்நூறு மீட்டர். பாதி வழியிலேயே குட்டையோட குண்டு தவழ ஆரம்பிச்சுடும். பேசாம உங்க பழைய துப்பாக்கி, அந்த நீட்டையை எடுங்க. இன்னும் அரை மணி நேரம்தான். எட்டு வருஷமா உங்க அலமாரியில இருக்கற துப்பாக்கிச் சங்கத்துக் கோப்பை, போட்டிக்கு வர்ற அந்தப் பல் டாக்டர் வீட்டுக்குப் போயிடும்.

செயலாளர்: அந்த ஆளைப் பத்திப் பேசாத, பல்லு கூசுது. காலையில இலக்குப் பலகை நட்டதுலயே என் முதுகு போச்சு… சரி, நீட்டையும் இந்தப் பையிலதான் இருக்கு.

மெக்கானிக்: ரெண்டும்… ஒரே பையிலயா?

செயலாளர்: குட்டைக்குக் குடுத்த பை. ஆச்சரியமா அடங்கிடுச்சு.

மெக்கானிக்: நல்லா… இழுபடற பை போல.

செயலாளர்: இரு, பக்கத்துல பக்கத்துல நிறுத்தறேன்… மாப்ள.

மெக்கானிக்: சொல்லுங்க.

செயலாளர்: இதுல எது குட்டை?

மெக்கானிக்: மினுங்குதே… அது.

செயலாளர்: ரெண்டும் ஒரே உயரம்டா!

மெக்கானிக்: வெயில்ல அப்படித்தான் தெரியும்…

செயலாளர்: டேய்!

மெக்கானிக்: வருஷா வருஷம் ‘கனமா இருக்கு, தோள் வலிக்குது, ஏதாவது பண்ணு’ன்னு சர்வீசுக்குக் குடுத்தது யாரு? பண்ணினேன். வருஷத்துக்கு ஒரு அங்குலம் அறுத்தேன்.

செயலாளர்: எட்டு அங்குலமா! தோள் தேறிடுச்சுன்னு உங்கக்காகிட்ட பீத்திக்கிட்டிருக்கேன்டா! ஆமா… போன வருஷமும் தொப்பி பறந்துச்சே. காத்துன்னு நெனச்சேன். சத்தம் ஏன் கூடுதலாத் தெரியல?

மெக்கானிக்: நான் அறுத்த அளவுக்கு உங்க காது மந்தமாச்சு. சரிக்குச் சரி.

செயலாளர்: அடப்பாவி, சிரிக்காதடா… எனக்கும் சிரிப்பு வருது!

மெக்கானிக்: ஆனா மச்சான், பெருமையா இருந்துச்சு. நான் அறுக்க அறுக்க, குண்டு தளரத் தளர, நீங்க அதே நடுப்புள்ளியில அடிச்சீங்க. அந்தக் கண்ணு யாருக்கு வரும்!

செயலாளர்: கண்ணைப் பத்தி இப்ப எதுக்குடா, விடு.

மெக்கானிக்: இப்போ பயம் பல் டாக்டரை நெனச்சுதான். அளவு நாடாவோட வந்திருக்கார்.

செயலாளர்: நாடாவா! எதுக்கு?

மெக்கானிக்: குழலை அளக்கத்தான். கம்பெனிக் குட்டை செல்லும், பட்டறையில அறுத்த குட்டை செல்லாது. எட்டு வருஷப் பேரும் போச்சு.

செயலாளர்: நாடா… எவ்வளவு நீளம்?

மெக்கானிக்: மனை அளக்கறது மாதிரி பெரிய சுருள். அதோ வர்றார்… இல்ல, இல்ல மச்சான், நம்ம பக்கம் வரல! நேரா இலக்குப் பலகைக்குப் போறார். தப்பிச்சோம்! …ஏன் உக்காந்துட்டீங்க?

செயலாளர்: என்னத்தத் தப்பிச்சோம்? நீ அங்குலம் அங்குலமா அறுத்தே. குண்டு கீழ இறங்க இறங்க, கண்ணுதான் மங்கிடுச்சுன்னு நெனச்சு, நான் வருஷத்துக்கு இருபது மீட்டர் பலகையை முன்னாடி நட்டுக்கிட்டே வந்திருக்கேன்டா! முந்நூறுன்னு போர்டுதான் இருக்கு, நூத்தி நாப்பதுதான் மிச்சம்… நிக்காத, ஓடு! பல்லு வலிக்குதுன்னு சொல்லி அந்த ஆள் முன்னாடி வாயைத் திற!