நசுங்கிய வெள்ளிச் சங்கு

வேட்டி மடிப்புக் கலையாமல் விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஏகப்பச் செட்டியார் அவர்களே, காரைக்குடியின் கண்ணியம் காக்கும் பெரியோர்களே, சிவகங்கையிலிருந்து காரேறி வந்த கனவான்களே, பிள்ளைக்கு வயிறு வலித்தால் தம் வயிறு பற்றியெரியும் தாய்மார்களே, எப்போது இலை போடுவார்கள் என்று ஓரமாக நிற்கும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் டாக்டர் அழகுசுந்தரத்தின் அன்பு வணக்கம்.

எனக்குக் ‘கத்தி தொடா வித்தகர்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறீர்கள். கத்தி பிடிக்கவே படித்தவனுக்கு இப்படியொரு பட்டம். சமையற்காரருக்கு ‘அடுப்புத் தொடா அண்ணல்’ என்று கொடுப்பீர்களா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நம் தலைவரின் தம்பி மகன் பினாங்கில் இருக்கிறார். அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சி, போன மாசியில் மகள் சீதையைத் தூக்கிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. வாந்தி, காய்ச்சல். “ஒத்தக்கால்ல ஒரு குதி குதி தாயி” என்றேன். குதிக்க முடியாமல் குனிந்து அழுதது குழந்தை. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை, மருந்தில் அடங்கலாம், அடங்காவிட்டால் அறுக்க வேண்டும் என்று சொன்னேன்.

ஆச்சி என்ன சொன்னார்? “அடங்குமுன்னா அடக்குங்க. அறுக்கணுமுன்னா அறுங்க. எம்பிள்ளைய மட்டும் குடுத்துருங்க.”

அதற்குள் வாசலில் கார்கள் வரிசைகட்டின. பங்காளிகள் மாநாடு கூட்டிவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். மதுரை நம் கௌரவத்துக்குப் போதுமா, மெட்ராஸ்தான் என்றார் இன்னொருவர். தலைவர் தொண்டையைக் கனைத்தார். “பொம்பளப்பிள்ளை வயித்துல தழும்பு விழுந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?” உயிரே போய்விட்டால் எவன் கட்டுவான் என்று நான் கேட்டேன்.

பதிலுக்கு வந்தது, பிள்ளைக்கு மருந்து புகட்டும் ஒரு வெள்ளிச் சங்கு. “எல்லாம் சூடு டாக்டர். வெளக்கெண்ணெய ஊத்துனா எறங்கிப்போகும்” என்று தலைவரே சங்கை நீட்டினார். வீங்கிய குடல்வாலை விளக்கெண்ணெய் வெடிக்க வைக்கும், சீழ் வயிறெங்கும் பரவும், பிள்ளை போய்விடும். ஆச்சி அந்தச் சங்கை வாங்கித் தரையில் எறிந்தார். “பிள்ள வாயில பச்சத்தண்ணி படக்கூடாதுன்னு டாக்டரு சொல்றாக மாமா. நீங்க அங்குட்டுப் போயிப் பேசுங்க.”

வாய்க்கு ஒன்றும் கொடாமல் கையில் குளுக்கோஸ் ஏற்றினேன். பென்சிலின் போட்டேன். ஓயாமல் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே கத்தி கொதிநீரில் காத்திருந்தது. நன்றாகக் கேளுங்கள், காத்திருந்தது. காய்ச்சல் இறங்கியது, கனத்த வயிறு இளகியது, குழந்தை ஒற்றைக்காலில் குதித்தது. மாநாடு மட்டும் முடியவில்லை. முடிந்தபோது, அறுக்க வேண்டாமென்று தீர்மானித்தது தாங்களே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

கைதட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது. இந்தப் புகழ் ஒக்கூர் வரைக்கும் போனது. அங்கே வீரையா என்பவர் மகனுக்கு வயிற்றுவலி. எண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டு, மகன் சுருண்ட பிறகு தூக்கிவந்தார். “அறுக்காம அந்தச் செட்டியார் வீட்டுப் பிள்ளைக்குப் பாத்தீகளே, அதையே பாருங்கய்யா” என்று என் காலைப் பிடித்தார். தொட்டால் வயிறு பலகையாக இருந்தது. வால் வெடித்துவிட்டது. அறுத்தேன். எமனோடு இழுபறி நடத்தித்தான் அவனை மீட்டோம். கத்தியால் பிழைத்தான் அவன். அதற்கு மாலை எங்கே? பந்தல் எங்கே? பட்டம் எங்கே?

அறுப்பதா, ஆற்றுவதா என்பதைச் சொல்ல வேண்டியது பிள்ளையின் வயிறு. பங்காளிகளின் கௌரவம் அல்ல, தழும்பின் பயம் அல்ல, என் பட்டமும் அல்ல.

கடைசியாக, தட்டிலிருக்கும் இந்தப் பரிசு. எனக்கென்றே புதிதாகச் செய்த வெள்ளிச் சங்கு என்று வாழ்த்துரையில் வாசித்தார்கள். திருநீறு போட்டுப் பளபளவென்று துலக்கியிருக்கிறீர்கள், தலைவரே. ஆனால் ஓரத்திலிருக்கும் இந்த நசுங்கல் எனக்குத் தெரியும். அது விழுந்த சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

சங்கு உங்களுடையது. நசுங்கல் நாச்சியம்மை ஆச்சியுடையது. சீதையைக் காப்பாற்றிய முதல் மருந்து அதுதான். பட்டத்தை இந்த மேசையிலேயே வைத்துவிட்டு, நசுங்கலை மட்டும் நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் கட்டித் தொங்கவிடுவேன். எண்ணெயோடு வருகிற பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரட்டும்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்.