தேநீரில் நான் கலந்த மாத்திரை

என் பெயரும் கதவு எண்ணும் இந்த வாக்குமூலத்தோடு இணைத்த தனித்தாளில் உள்ளன. வயது நாற்பத்து நான்கு. சீருடை தைக்கும் கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன். மருத்துவமனையில் இருப்பவன் என் உடன்பிறந்த தம்பி. மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுபவன். குடியால் அவன் மனைவி பிள்ளையோடு தாய்வீடு போனபின் என் வீட்டில் இருக்கிறான்.

சென்ற மாதம் மருந்துக் கடையில், மருத்துவர் சீட்டு இல்லாமல், குடியை நிறுத்தும் மாத்திரை வாங்கினேன். கடைக்காரர், "டீயில பொடிச்சுப் போடுங்கம்மா, ருசியே தெரியாது. அதுக்கு மேல குடிச்சா உடம்பைப் புரட்டி எடுத்துடும், அப்புறம் பாட்டில் பக்கமே போகமாட்டார்" என்றார். பத்து நாட்கள் காலைத் தேநீரில் கலந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் அவன்மேல் சாராய வாடை இல்லை. மாத்திரை பலித்ததென்று எண்ணிக்கொண்டேன்.

பதினோராம் நாளும் கொடுத்தேன். அன்று முற்பகல் அவனோடு வேலை செய்பவர் கூப்பிட்டதன் பேரில் பட்டறைக்குப் போனேன். ஈரப் பாலிஷில் தூசி படியாதிருக்க அன்று மட்டும் ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். தம்பி முகம் சிவந்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கக் கிடந்தான். "என்னா மச்சான், பாலிஷையே ஊத்திக்கிட்டியா?" என்று கூட்டாளி கேட்டார். தம்பி என் கையைப் பிடித்து, "குடிக்கலக்கா, புள்ள மேல சத்தியமா குடிக்கல" என்றான். "வாயை மூடுடா, எத்தனை சத்தியம்டா பண்ணுவ?" என்றேன்.

அதன் பிறகு ஆட்டோவில் மருத்துவமனை சேர்ந்தோம். குடித்தாரா என்று மருத்துவர் கேட்டதற்கு ஆம் என்றேன். மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்றதற்கு, தம்பி காதில் விழுமே என்று, இல்லை என்றேன். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நர்ஸ் அளவை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொன்னார். சுவர்க் கடிகாரப்படி இருபது நிமிடம் நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவன் சட்டைப் பையில் நர்ஸுக்கு ஓர் அட்டை கிடைத்தது. குடிநோய்ப் பிரிவில் அவனே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க வேறு மாத்திரையும், வாரம் இருமுறை ஆலோசகரோடு பேச்சும் எழுதப்பட்டிருந்தன. ஊதிப் பார்த்த மூன்று முறையும் பூஜ்யம். கீழே சிவப்பு மையில், "பாலிஷ் வேலை. ஸ்பிரிட் புழக்கம். குடித்தால் ஒவ்வாமை தரும் மாத்திரை கூடாது" என்றிருந்தது.

மருத்துவர் அதை வாசித்ததும் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "இது உள்ள இருந்தா குடிக்கவே வேணாம், பாலிஷ்ல இருக்கிற ஸ்பிரிட் ஆவியே போதும்மா. இதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அதன் பிறகே அதற்குரிய சிகிச்சை நடந்தது. மாலையில் கண் திறந்தான்.

கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. புகார் தருகிறாயா என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்கு என் முன்னிலையில் தம்பி, "கேஸெல்லாம் வேணாம் சார். குடிக்கலைன்னு சொன்னேனே, ஏன் நம்பலைன்னு மட்டும் அக்காகிட்ட கேளுங்க" என்றான்.

ஆய்வாளர் கேட்டார்.  அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை எனக்கு இருமுறை வாசித்துக் காட்டினார்கள். இதில் உள்ளவை நடந்தபடியே உள்ளன என்று ஒப்புக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)